வெறுந்தூளியில் படுத்தது

அந்தக் காலத்தில் காற்றுக்கு வாய் இருந்தது, உடம்பு இல்லை. அணில் பேசும், ஆந்தை பேசும், எறும்புகூட வரிசையை விட்டு விலகி நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகும். ஆனால் காற்றுதான் ஓயாமல் பேசியது. அதற்குக் காரணம் உண்டு. பிறந்ததிலிருந்து அது தூங்கியதே இல்லை. புல்லின் மேல் படுத்தால் புல் மடங்கிக்கொண்டது. குளத்தின் மேல் படுத்தால் தண்ணீர் சுருங்கி விலகியது. இலையின் மேல் படுத்தால் இலையே உதிர்ந்தது. தூக்கம் கெட்டவன் எப்படிப் பேசுவான், எதை எடுத்து எறிவான் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மலையடிவாரத்தில் மூக்கன் என்று ஒருவன் இருந்தான். அவன் மனைவி வெள்ளச்சி. எட்டு மாதத்துப் பெண் குழந்தை சிட்டு. வெள்ளச்சியின் தம்பி கட்டையனும் அவர்களோடுதான் இருந்தான். காளான்தான் அவர்களுக்குப் பிழைப்பு. இடி இடித்தால்தான் காளான் முளைக்கும், வெயில் ஏறினால் கருகிவிடும். புயல் ஓய்ந்த பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்குக் கரிந்த காம்புதான் மிச்சம். புயலோடு புயலாகக் காட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும். தரையில் படுக்க முடியாது, வெள்ளம் ஓடும், அட்டை ஏறும். அதனால் மரத்துக்கு மரம் தூளி கட்டி, குடும்பமே தூளியில் தூங்கும். பெரியவர்களுக்கு மூன்று பெரிய தூளி. இந்த வருடம் புதிதாக, சிட்டுக்கு ஒரு சின்னத் தூளி.

ஐப்பசியில் ஒரு நாள் கிழக்கே வானம் கறுத்தது. மறுநாள் கிளம்ப வேண்டும். கட்டையன் தேக்கிலைகளைத் தைத்து மேலே விரிக்கக் கூரை செய்துகொண்டிருந்தான். வெள்ளச்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொள்ளு வறுத்தாள். மூக்கன் கயிறு திரித்தான். கயிற்றுக்கு ஆத்திப் பட்டை உரித்துக் கொண்டுவந்தது மலையணில். கூலிப் பேச்சு காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தது.

"நாலு தூளி, எட்டுக் கயிறு. எட்டுப் பிடி கொள்ளு" என்றது அணில்.

"நாலு பிடி. போன வருசம் நீ குடுத்த பட்டை பாதியிலேயே நைஞ்சுபோச்சு" என்றான் மூக்கன்.

"போன வருசம் நீ குடுத்த கொள்ளிலேயும் பாதி சொத்தை. நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டா திரிஞ்சேன்?"

ஐந்து பிடிக்குப் படிந்தது. கொள்ளைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கிளைக்கு ஏறிய பிறகு அணில் மெதுவாகச் சொன்னது:

"பெரிய தூளிக்கெல்லாம் நல்ல பட்டை. சின்னத் தூளிக்கு மட்டும் வெட்டிப் போட்ட துண்டு. அஞ்சு பிடிக்கு அவ்வளவுதான் வரும். கட்டிப் பாத்துக்க, பின்னாடி எங்கிட்ட வராதே."

மூக்கனுக்கு மூக்கு நுனியில் சிவப்பு ஏறியது. எடுத்த கல்லை எறியாமல் வைத்துக்கொண்டான். வாசலில் இருந்த இரண்டு புங்க மரங்களுக்கு நடுவே சின்னத் தூளியைக் கட்டி, சிட்டின் கனத்துக்கு அந்தக் கல்லோடு இன்னும் சில கற்களைப் போட்டான். கயிறு தாங்கியது. மூக்கனுக்குத் திருப்தி இல்லை.

"கல்லு கையைக் காலை உதைக்காது. ஆட்டத்துக்குத் தாங்குமா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கற்களைக் கீழே கொட்டினான். முடிச்சில் காதை வைத்து, வெறுந்தூளியை ஆட்டினான். கயிறு கிறீச்சிடுகிறதா என்று கவனித்தான்.

"என்ன மச்சான், தூளிக்குத் தூக்கம் வரலையா? ஒரு பாட்டும் பாடிவிடு" என்றான் கட்டையன்.

"உங்கக்கா பாடறதைவிட நல்லாவே பாடுவேன்டா" என்று மூக்கன் ஆராரோ ஆரிரரோ என்று இழுத்தான். கட்டையன் சிரித்தான். வெள்ளச்சியும் சிரித்தாள். அதற்கு முன் உலகத்தில் யாரும் வெறுந்தூளியை ஆட்டியதில்லை. அதனால் அதில் என்ன கேடு என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கட்டையனின் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் மடியில் படபடத்துக்கொண்டிருந்த தேக்கிலைகள் அசையாமல் கிடந்தன. புங்க மரத்தில் ஒரு இலைகூட ஆடவில்லை. அடுப்புப் புகை நட்டு வைத்த கம்பு போல நேராக நின்றது. அத்தனையும் நின்ற இடத்தில் தூளி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மூக்கன் கையை எடுத்தான். அப்போதும் ஆடியது.

பிறகு தூளி கனத்தது. அடித்துணி இறங்கி, உருண்டு, உள்ளே எதுவோ புரண்டு படுத்தது. துணியில் ஒரு முழங்கால் முட்டியது போல ஒரு மேடு எழுந்தது. அது அடங்கி, இன்னொரு பக்கம் குதிகால் போல ஒன்று எழுந்தது. மூக்கன் எட்டிப் பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை.

"நிறுத்தாதே" என்றது காற்று. அவ்வளவு சின்னக் குரலில் அது பேசி யாரும் கேட்டதில்லை.

சிட்டு தூளியைப் பார்த்துக் கையை நீட்டிச் சிரித்தாள். வெள்ளச்சி சிரிக்கவில்லை. அவள் இடுப்பில் ஏதோ குறைந்தது. எட்டு மாதம் சுமந்த இடுப்பு, அதற்குக் கனம் தெரியும். தூளி ஒரு முறை போய் வந்தது. குழந்தையின் கனம் ஒரு பிடி குறைந்தது. இன்னொரு முறை போய் வந்தது. இன்னொரு பிடி.

"ஏய்யா, புள்ள லேசாகுது" என்றாள்.

"ஒரு தூளிக்கு ஒரு பிள்ளைதான்" என்றது காற்று. "என்னை ஆட்டினீங்க, பாடினீங்க. இனிமே நான்தான் இந்த வீட்டுப் பிள்ளை. பிள்ளைன்னா கனம் வேணும். நாளைக்குக் காட்டுக்கு நானும் வர்றேன்."

மூக்கன் பேரத்தில் இறங்கினான். அவனுக்குத் தெரிந்தது அதுதான். தேன் தருகிறேன் என்றான். ஆடு தருகிறேன் என்றான். இந்த வருடத்துக் காளான் முழுவதும் தருகிறேன் என்றான்.

"எனக்கு வயிறு இல்லை" என்றது காற்று.

விலை கேட்காதவனிடம் எப்படிப் பேரம் பேசுவது? மூக்கனுக்குக் கோபம் தலைக்கேறியது. "எறங்குடா வெளியே" என்று தூளியைப் பிடித்து உலுக்கினான். உலுக்கியதும் ஆட்டம்தான். மூன்று பிடி ஒரே அடியாகக் குறைந்தது. சிட்டின் கால்கள் அம்மாவின் இடுப்பை விட்டு மெல்ல மேலே எழுந்தன.

"கையை எடுய்யா" என்றாள் வெள்ளச்சி. முந்தானையைக் கிழித்து, குழந்தையைக் கட்டையன் மார்போடு சேர்த்துக் கட்டினாள்.

"இறுக்கிப் பிடிச்சுக்கடா. இவ மேலே போனா நீயும் கூடப் போகணும்."

"நான் போகமாட்டேன்க்கா. தின்னு வளர்த்த உடம்பு" என்றான் கட்டையன். சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் குழந்தையை அணைத்துக்கொண்டான்.

வெள்ளச்சி தூளியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீ எத்தனை நாளாத் தூங்கலை?"

"தூங்கினதே இல்லை."

"எம் பிள்ளைன்னு சொல்றே. எம் பிள்ளை இந்நேரம் தூங்கும். கண்ணை மூடு, நான் ஆட்டறேன்."

ஆட்டினால் குழந்தை குறைவாள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஆட்டினாள். துணியின் அடியில் ஒரு கையை வைத்துத் தட்டிக்கொடுத்தாள். ஆற்று மணலுக்கு அடியில் கையை விட்டது போலச் சில்லென்று இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பிடி போனது. கட்டையன் மார்பில் குழந்தை நீரில் மிதக்கும் துணி போல அலைந்தாள். வெள்ளச்சி திரும்பிப் பார்க்கவில்லை. துணிக்குள் புரண்டது மெல்ல நின்றது. முழங்கால் மடங்கியது. கனமான, ஒழுங்கான ஒரு மூச்சு வந்தது.

அந்த மூச்சை அது இழுத்து விடுவதற்குள் தூளியின் வாயை இரு கையாலும் சேர்த்துப் பிடித்து, முறுக்கி, மூன்று முடிச்சுப் போட்டாள்.

அடுப்பு அணைந்தது. கிளையில் இருந்த அணில் சத்தம் இல்லாமல் கீழே விழுந்தது, கன்னத்துக் கொள்ளு சிதறியது. மூக்கன் வாயைத் திறந்தான், உள்ளே போக ஒன்றும் இல்லை. காற்று முழுவதும் முடிச்சுக்குள் இருந்தது. நெஞ்சில் மிச்சம் இருந்த மூச்சுதான் இனி எல்லோருக்கும்.

துணிக்குள் அது விழித்துக்கொண்டது.

"அவிழ்."

"கனம்" என்றாள் வெள்ளச்சி. ஒரு சொல்லுக்குமேல் செலவழிக்க முடியாது.

"பாதி."

அவள் மறுத்துத் தலையை ஆட்டினாள். கட்டையன் முட்டி போட்டு உட்கார்ந்தான். அவன் மார்பில் சிட்டு அழ முயன்றாள். வாய் அகன்றது, சத்தம் இல்லை.

"முழுசும்" என்றாள் வெள்ளச்சி.

குழந்தையின் கால்கள் இறங்கின. கை இறங்கியது. வெள்ளச்சி போய், முந்தானைக் கட்டைத் தளர்த்தி அவளைத் தூக்கிப் பார்த்தாள். தூளியின் முடிச்சைத் தொடவில்லை.

"ஒரு பிடி குறையுது."

"அதைத் தரமாட்டேன்" என்றது காற்று. "தூக்கம்னா என்னன்னு காட்டி, எழுப்பிவிட்டீங்க. ஒரு பிடியாவது எங்கிட்ட இருக்கணும்."

வெள்ளச்சிக்குக் கண் இருட்டியது. குழந்தையின் உதடு நீலமாகியிருந்தது. வேறு நாளாக இருந்தால் அவள் விட்டிருக்கமாட்டாள்.

"தூங்கறப்பவாவது குடு" என்றாள். அவளிடம் மிச்சம் இருந்த மூச்சு அதோடு முடிந்தது.

துணிக்குள் முழங்கால் மேடு ஒரு முறை எழுந்து அடங்கியது.

"சரி. உங்க பிள்ளைங்க தூங்கறப்ப கொண்டுவந்து வைக்கறேன். விழிக்கறப்ப எடுத்துக்குவேன். ஆனா வெறுந்தூளி என்னோடது. மனுசக் கை ஆட்டினா அது எனக்குக் கூப்பாடு, வந்து படுப்பேன். அப்ப நான் கண்ணை மூடமாட்டேன்."

கையெழுத்தும் சாட்சியும் இல்லாத பேச்சு. மூக்கன் தவழ்ந்து வந்து, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தான். காற்று வெளியே வந்த வேகத்தில் புங்க மரம் இரண்டும் தரை வரை குனிந்தன. வீட்டுக் கூரை போனது. சிட்டு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு மூக்கனும் அழுதான்.

மறுநாள் அவர்கள் காட்டுக்குப் போனார்கள், பிழைப்பு இருக்கிறதே. சாயங்காலம் வெள்ளச்சி சிட்டைச் சின்னத் தூளியில் போட்டு, கையை எடுக்காமல் ஆட்டினாள். குழந்தை தூங்கினாள். எங்கிருந்தோ ஒரு சில்லிப்பு வந்து தூளிக்குள் குனிந்தது. துணி ஒரு பிடி இறங்கியது. குழந்தை விழித்ததும் ஒரு பிடி ஏறியது. வெள்ளச்சி அவளை உடனே இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆடிக்கொண்டிருந்த தூளியைப் பிடித்து நிறுத்தி, சுருட்டி முடிந்தாள். கொஞ்ச நேரம் அந்த முடிச்சு விரல்கள் தடவுவது போல அசைந்தது. பிறகு அந்தச் சில்லிப்பு அடுத்த மரத்துக்குப் போனது.

அன்று முதல்தான், விழித்திருக்கும் பிள்ளையைவிடத் தூங்கும் பிள்ளை கனக்கிறது. பிள்ளையை எடுத்ததும் தூளியை முடிந்துபோடுகிறோம், வெறுந்தூளியை விளையாட்டுக்குக்கூட யாரும் ஆட்டுவதில்லை.