வடக்கு முற்றத்துக் கிணறு

பிள்ளைகளே, வெண்கோட்டூரை ஓர் அரசி ஆண்ட காலம் அது. அவள் பெயர் செங்கமல நாச்சியார். அரசர் இறந்தபின் அவள் தனியாகத்தான் ஆண்டாள்.

பகலில் வழக்குக் கேட்பாள், நீதி சொல்வாள். பொழுது சாய்ந்தால் அத்தனை பெரிய அரண்மனையில் அவளுடைய காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

அரண்மனையும் அவளைப் போலவே வாடிப்போயிருந்தது. கூரை ஒழுகியது. தூண்களைக் கறையான் அரித்தது. கொலுமண்டபச் சுவரில் இருந்த அரசரின் சித்திரம் காரையோடு உதிர்ந்துவிட்டது.

அரசி தலைமைச் சிற்பி உலகளந்தானை அழைத்தாள்.

"எல்லாவற்றையும் பழையபடி ஆக்குங்கள். முக்கியமாக அந்த முகம். நாளாக ஆக எனக்கு அது மறந்துகொண்டே வருகிறது."

"வடக்கு முற்றத்தில் ஒரு கதவு அடைத்துக் கிடக்கிறதே, தாயே! அதையும் திறந்துவிடவா?"

"அதை மட்டும் தொடாதீர்கள்."

முன்பு அந்தக் கதவு வழியாகத்தான் ஊர்ப்பெண்கள் முற்றத்துக் கிணற்றுக்கு வருவார்கள். அரசர் இறந்த சமயம் அவர்களுடைய சிரிப்பு அவளுக்குப் பொறுக்கவில்லை. கல் வைத்து அடைக்கச் சொல்லிவிட்டாள். பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை. குடிக்க ஆற்றுத் தண்ணீர் வந்தது.

வேலை தொடங்கியது. தூண்கள் மாறின, ஓடுகள் மாறின. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் கடுக்காய் ஊறவைத்து, சுண்ணாம்பு அரைத்து, சுவரைப் பூசினார்கள். ஓவியர் அரசரின் முகத்தை வரைந்தார். சில வாரங்களில் சுவர் பொரிந்தது, முகம் உதிர்ந்தது.

சுண்ணாம்பு சரியில்லை என்றார் உலகளந்தான். புதுச் சுண்ணாம்பு வந்தது. முகம் உதிர்ந்தது.

மணல் சரியில்லை என்றார். வேறு மணல் வந்தது. அப்போதும் முகம் உதிர்ந்தது.

"இனி எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை, தாயே" என்று அவர் பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அரசி எல்லோரையும் போகச் சொன்னாள். தரையில் உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்கினாள். ஒன்றில் அவருடைய கண் இருந்தது. அதை எடுத்து முத்தமிட்டாள்.

உதட்டில் உப்புக் கரித்தது.

அழுகிறோமோ என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கன்னம் காய்ந்திருந்தது.

அவள் எழுந்து வடக்கு முற்றத்துக்குப் போனாள். வாளியை இறக்கி, தண்ணீர் மொண்டு வாயில் வைத்தாள். வைத்ததும் துப்பினாள். ஊரே குடித்த இளநீர் போன்ற தண்ணீர், இறைக்க ஆளில்லாமல் உவர்த்துப் போயிருந்தது. அந்த உப்புத்தான் காரையை உதிர்த்தது.

அடைத்த கதவின் முன் வெகுநேரம் நின்றாள். பிறகு உலகளந்தானைக் கூப்பிட்டாள்.

"கல்லை எடுங்கள்."

குடங்கள் வந்தன, கயிறுகள் வந்தன, சத்தமும் வந்தது. ஊரே கூடி உவர்நீரை இறைத்துக் கொட்டி, அடியில் கிடந்த சேற்றை வாரியது. வள்ளாத்தாள் என்ற வாயாடி உள்ளே நுழைந்ததும், "எங்கள் கூச்சல் இல்லாமல் நாச்சியாருக்கு நன்றாகத் தூக்கம் வந்ததா?" என்று கேட்டாள்.

"வரவில்லை, வள்ளாத்தா" என்றாள் அரசி.

நாளாக நாளாக ஊற்று இனித்தது. அந்தத் தண்ணீரில் குழைத்த காரை நின்றது. முகமும் நின்றது. ஓவியர் கடைசி வண்ணம் வைத்துவிட்டு அரசியைத் தேடினார். மண்டபத்தில் அவள் இல்லை. கிணற்றடியில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாருடைய குடத்துக்கோ தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள்.

துக்கத்தைத் தடுக்க நாம் அடைக்கும் கதவு, துக்கத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு மனிதரை மட்டும்தான் வெளியே நிறுத்தும்.