ராஜாவைப் பார்த்தபடி ஓட்டு

செம்பொழில் சமஸ்தானத்தை கவர்மெண்ட் எடுத்துக்கொண்டது. வெள்ளைக்காரன் காலத்தில் அரண்மனை சொந்தமாகப் போட்ட பதினொரு மைல் ரயில் பாதையை மட்டும் எடுக்க மறந்துவிட்டது. ராஜா தர்பாரை ரயிலுக்கு மாற்றினார். எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் சிம்மாசனம். காலையில் ஆட்சி செய்தபடி போவார், மாலையில் ஆட்சி செய்தபடி திரும்புவார்.

திவான் வேதாசலத்துக்குத் தன் மச்சினனை டிரைவராக்க ஆசை. ஒருநாள் சொன்னார்:

"மகாராஜா, டிரைவர் சூசை இருபது வருஷமாகத் தங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறான்."

ராஜா எட்டிப் பார்த்தார். உண்மைதான். அந்தத் தர்பாரில் விடைபெறுகிறவர்கள்கூட ராஜாவைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து வெளியேறுவார்கள்.

"சூசை, நாளையிலிருந்து என்னைப் பார்த்தபடி ஓட்டு. முடியாவிட்டால் வீட்டுக்குப் போ."

"அப்புறம் பாதையை யார் பாக்கறது, சாமி?"

"பாதை எங்கே ஓடிப்போகப் போகிறது?" என்றார் திவான்.

சூசைக்கு வேறு வேலை தெரியாது. ஸ்டேஷன் மாஸ்டர் திருமேனியிடம் போனான். தர்பாரில் விகடகவியும் அவர்தான், ஆள் பற்றாக்குறை.

"ராஜாவைப் பார்த்தபடிதானே ஓட்டணும்? ஓட்டு. மற்றதை நான் பார்த்துக்கறேன்" என்றார் திருமேனி.

மறுநாள் பெட்டியில் சிம்மாசனம் இல்லை. எஞ்சினின் முன்பக்கத்து இரும்புச் சட்டத்தில் கயிறுபோட்டுக் கட்டியிருந்தது.

"என்னய்யா இது?"

"இனி சூசையின் பார்வை தங்களை விட்டு விலகாது, மகாராஜா" என்றார் திருமேனி.

உத்தரவு தன்னுடையது. ராஜா ஏறி உட்கார்ந்தார். மீசையில் பூச்சிகள் மோதின.

இரண்டாவது மைலில் தண்டவாளத்தில் ஒரு எருமை நின்றது. சூசை பிரேக் போட்டான். எருமையின் மூக்குக்கும் ராஜாவின் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்போது வண்டி நின்றது.

ராஜா சூசை பக்கம் திரும்பினார்.

"எருமை உனக்கு எப்படித் தெரிந்தது?"

"சாமியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அந்தாண்டை அதுவும் தெரிஞ்சுது."

திவான் பெட்டியிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "என் மச்சினனாக இருந்தால் மகாராஜாவை இன்னும் நன்றாகப் பார்ப்பான்."

"பார்ப்பான்" என்றார் பின்னாலேயே இறங்கி வந்த திருமேனி. "அவனுக்குக் கிட்டப்பார்வை. மகாராஜா வரைக்கும் தெரியும்."

ராஜா எருமையைப் பார்த்தார். திவானைப் பார்த்தார். "சூசையே ஓட்டட்டும்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சத்தத்துக்குத்தான் எருமை நகர்ந்தது.