செங்கோடன் நின்ற ஆட்டம்

மேலைக்கோட்டை மன்னர் கனகராயருக்கு இரண்டு காரணங்களால்தான் தூக்கம் கெடும். ஒன்று பல்வலி. மற்றொன்று வளைகோல் பந்தாட்டம். அந்த மாசி மாதத்தில் பல் நன்றாகத்தான் இருந்தது.

பக்கத்து நாடான பொன்னகரியோடு ஆண்டுதோறும் ஆற்றங்கரைப் பொட்டலில் ஆட்டம் நடக்கும். மேலைக்கோட்டைக்கு இடது ஓரத்தில் ஓடுபவர் செங்கோடன். ஒரு காலத்தில் அவர் பந்தோடு கிளம்பினால் பொன்னகரிக்காரர்களுக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரியும். இப்போது வயதாகிவிட்டது. வீங்கிய முட்டியில் ஆமணக்கிலை வைத்துக் கட்டிக்கொண்டு நடந்தார். மானியம் மட்டும் குறையவில்லை. நஞ்சை நிலம், கறவை மாடுகள், பண்டிகைக்குப் பண்டிகை பட்டு வேட்டி.

ஆட்டத்துக்கு முதல் நாள் சபையில் பிரதானி அனந்தப்பர் எழுந்தார்.

"மன்னா, பொன்னகரியார் செங்கோடனைக் கேட்கிறார்கள். பதிலுக்கு இரண்டு வாலிபர்களைத் தருகிறார்களாம். இரண்டும் மான்குட்டி மாதிரி ஓடும். கொடுத்துவிடலாம். நொண்டுகிறவருக்கு எதற்கு இவ்வளவு மானியம்?"

மன்னர் தாடியைத் தடவினார். பிறகு தன் விகடகவி கூத்தபிரானைப் பார்த்தார். "நீர் என்ன சொல்கிறீர்?"

கூத்தபிரானுக்கு ஒரே ஒரு சந்தேகம். "நொண்டுகிறவரை அவர்கள் எதற்காகக் கேட்கிறார்கள், மன்னா? பொன்னகரியில் நொண்டுகிறவர்களுக்கா பஞ்சம்?"

சபை சிரித்தது. பிரதானிக்கு முகம் சிவந்தது. "அப்படியானால் நாளை அவரை வைத்து ஜெயித்துக் காட்டுமே பார்க்கலாம். அவரால் பந்தைத் தொடக்கூட முடியாது!"

"தொடாமலேயே ஜெயித்துக் காட்டுகிறோம்!" என்றார் கூத்தபிரான்.

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. மன்னர் விடவில்லை. "நல்லது. அவர் பந்தைத் தொடக் கூடாது, நாம் ஜெயிக்க வேண்டும். தோற்றால் செங்கோடன் பொன்னகரிக்குப் போவார். அவருடைய மூட்டையைத் தூக்கிக்கொண்டு நீரும் போவீர்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கூத்தபிரான் நேரே செங்கோடன் வீட்டுக்குப் போனார். செங்கோடன் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"எனக்காகப் பேசினீர், சந்தோஷம். ஆனால் என்னை நட்டுவைத்த கம்பமாக்கிவிட்டீரே ஐயா. ஊரே பார்க்க வெறுமனே நிற்பதா? அதற்கு நான் பொன்னகரிக்கே போய்விடுவேன்."

"அங்கே போனால் நம் பையன்களுக்கு எதிராகக் கோல் வீச வேண்டும். வீசுவீரா?"

செங்கோடன் எண்ணெய்க் கிண்ணத்தை மறுபடி பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பிறகு, "சரி, நிற்கிறேன். நிற்பதும் கஷ்டம்தான், தெரியுமா?" என்றார்.

மாலையில் கூத்தபிரான் பொன்னகரியாரின் கூடாரத்துப் பக்கம் காற்று வாங்கப் போனார். அவர்களுடைய அணித்தலைவன் காளத்தி மோர் கொடுத்து உபசரித்தான். மெல்ல விசாரித்தான்.

"செங்கோடன் எப்படி இருக்கிறார்?"

கூத்தபிரான் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "என் வாயைக் கிளறாதே தம்பி. ஒன்று மட்டும் சொல்கிறேன். நாளை அவர் செய்யப்போவதை இதுவரை எந்த வளைகோல்காரனும் செய்ததில்லை."

காளத்தியின் மோர்க் குவளை பாதி வழியில் நின்றது.

மறுநாள் பொட்டல் நிறைய ஜனம். செங்கோடன் இடது ஓரத்துக்கு நடந்து போய், கோலை ஊன்றிக்கொண்டு நின்றார். உடனே பொன்னகரியார் மூன்று பேர் ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் இரண்டு பேர் அந்த மான்குட்டிகளேதான்.

பந்து வலப்பக்கம் போயிற்று. மூவரும் அசையவில்லை. பந்து நடுவே வந்தது. அப்போதும் அசையவில்லை. செங்கோடன் ஒருமுறை மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினார். மூவரும் பதறிப்போய்க் கோலைக் குறுக்கே நீட்டினார்கள். மிச்சமிருந்த பொன்னகரிக்காரர்கள் ஓடி ஓடிக் களைத்தார்கள். மேலைக்கோட்டைப் பையன்கள் திறந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் காளத்தி பாய்ந்து வந்தான். "ஐயா, பொய் சொல்லி ஏமாற்றிவிட்டீர்!"

"பொய்யா? ஆட்டம் முழுவதும் இருந்த இடத்தைவிட்டு நகராத ஆட்டக்காரரை இதற்கு முன் எங்கே பார்த்தாய்?"

பிரதானி முன்னே வந்தார். "மன்னா, நாம் ஜெயித்தது சரி. ஆனால் இந்த மனிதர் சும்மா நின்றார். சும்மா நிற்பதற்கா மானியம்?"

"அவர் ஒருவர் சும்மா நின்றார். அவர்களில் மூவரைச் சும்மா நிற்க வைத்தார்" என்றார் கூத்தபிரான். "உங்கள் மான்குட்டிகளைக் கேளுங்கள் பிரதானியாரே, இன்று எவ்வளவு தூரம் ஓடின என்று."

மன்னர் தன் சால்வையை எடுத்துக் கூத்தபிரானுக்குப் போர்த்தினார். கூத்தபிரான் அதைக் கையோடு கழற்றிச் செங்கோடனின் முட்டியில் சுற்றிக் கட்டினார்.

"செங்கோடனைக் கொடுப்பதாக இல்லை என்று உங்கள் மன்னரிடம் சொல்" என்று காளத்தியை அனுப்பிவிட்டு, கனகராயர் செங்கோடன் பக்கம் திரும்பினார். "அதிருக்கட்டும். அந்த மூவரும் உம்மிடம் ஓயாமல் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்களே, என்ன பேச்சு?"

செங்கோடன் கைகட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னார்: "'எப்போது ஓடப்போகிறீர், எப்போது ஓடப்போகிறீர்' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், மன்னா. பாவம், பிள்ளைகளின் மனம் நோகக் கூடாதே என்று நானும் கடைசிவரை 'இதோ, இதோ' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்."

மன்னர் சிரித்த சிரிப்பில் மறுபடியும் பல்வலி வந்துவிட்டது.