திரை மேல் விழுந்த துண்டு

“மேடம், ஓடி வாங்க! இதயம் பேயாட்டம் ஆடுது!”

கத்தியவன் இன்பசேகர். இதய மருத்துவம் படிக்க வந்தவன். படிப்பில் சூரன். பொறுமைதான் மருந்துக்கும் கிடையாது.

கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தவர் பஸ் டிரைவர் சவரிமுத்து. தலைமாட்டுத் திரையில் இதயக் கோடு எகிறிக் குதித்தது, படுத்தது, மறுபடி குதித்தது.

அவசரப் பிரிவின் தலைமை டாக்டர் நூருன்னிசா வந்தார். ஆள் குள்ளம். குரல் மட்டும் பஸ் ஹாரன்.

“மாரடைப்பு மேடம்! சத்தியமா மாரடைப்பு! ரத்தத்தை இளக்குற ஊசியைப் போட்டுடறேன்!”

நூருன்னிசா ஊசியைப் பிடுங்கி, மூடி போட்டு, தன் கோட்டுப் பையில் வைத்தார். கட்டிலில் கிடந்த துண்டை எடுத்துத் திரை மேல் வீசினார்.

“ஐயோ மேடம்! இனி எதைப் பார்த்து வைத்தியம் பண்றது?”

“இங்கே ஒரு ஆள் படுத்திருக்காரே, கண்ணுக்குத் தெரியலையா?”

அவனுக்குக் கோபமான கோபம். ஆனாலும் குனிந்தான். இமையைத் தூக்கி டார்ச் அடித்தான்.

கண் பாப்பா கடுகை விடச் சின்னதாகச் சுருங்கியிருந்தது. இரண்டு கண்ணிலும்.

“மேடம்... கண் இப்படிச் சுருங்கினா கோளாறு மூளையில!”

“அப்புறம் என்ன வேடிக்கை? ஸ்கேனுக்குத் தள்ளு!”

தள்ளினான் பாருங்கள், அப்படி ஒரு தள்ளு! வழியில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

மூளைத்தண்டில் ரத்தம் கசிந்திருந்தது. நல்லவேளை, சின்னக் கசிவு. ரத்த அழுத்தத்தை மெல்ல இறக்கினார்கள். சாயங்காலம் சவரிமுத்து மனைவியின் விரலை இறுக்கிப் பிடித்தார்.

“மாதாவே! பிடிச்சுட்டார், பிடிச்சுட்டார்!” அந்த அம்மா போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

இன்பசேகருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி குடைந்தது.

“இதயத்தை நல்லா சோதிச்சுட்டேன் மேடம். அடைப்பு இல்லை, ஒரு கோளாறும் இல்லை. கசிஞ்சது மூளைத்தண்டுல. நல்லா இருக்கிற இதயம் ஏன் அப்படி ஆடணும்?”

நூருன்னிசா காலையில் பிடுங்கிய ஊசியைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

“இதை அவருக்குப் போட்டிருந்தா?”

“கசிவு நின்னிருக்காது மேடம். அவர்...”

கதவுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா சிரிப்பது கேட்டது. அவனுக்குக் குப்பென்று வியர்த்தது.

நூருன்னிசா அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நாடி நூத்தி நாப்பது ஓடுதே தம்பி. உன் இதயமும் நல்லாத்தான் இருக்கு, தலைக்குள்ள புகுந்த பயம்தானே அதை ஆட்டுது?”