ஓர் எட்டுக்காலி குறைகிறது

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. மனிதர்கள் முட்டாள்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஐம்பதைத் தாண்டியவனுக்கு அந்தச் சந்தேகம் வர நியாயமும் இல்லை. ஆனால் முட்டாள்தனத்துக்கும் ஒரு கரை இருக்கும், அதற்கு மேல் தண்ணீர் ஏறாது என்று நினைத்திருந்தேன். வெள்ளைத்திட்டு ஆட்கள் அந்தக் கரையை உடைத்துக்கொண்டு போனதாக எனக்குச் சொன்னவர் கோயில்பிச்சை. அவரும் அந்த முட்டாள்களில் ஒருவர் என்பதுதான் என் குழப்பம். பொய் சொல்கிறவன் தன்னையாவது கொஞ்சம் புத்திசாலியாகக் காட்டிக்கொள்ள மாட்டானா?

நான் உப்புத் தரகன். லோடு பார்க்க வெள்ளைத்திட்டுக்குப் போகும்போதெல்லாம் டீக்கடையில் அவர் இதைச் சொல்வார். ஒரு சொல் கூட மாறாது. புளுகு என்றால் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சமாவது வளர்ந்திருக்க வேண்டும். இது வளரவில்லை. அதுவும் என்னை உறுத்தியது.

வெள்ளைத்திட்டைச் சுற்றிக் கடலும் உப்பளமும்தான். அங்கே சுவரில் ஆணி அடித்தால், அடுத்த மழைக்குள் ஆணி போய்விடும், துரு மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் மந்திரமூர்த்தி என்பவன் மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப் வைத்தான். கூட்டாளிகள் கோயில்பிச்சையும் பட்டுராசாவும். மூவரும் சேர்ந்தால் பஞ்சர் ஒட்டத் தெரியும். தனித்தனியாக அதுவும் தெரியாது. (கதைக்குள் மூவரையும் அவன் என்றே எழுதுகிறேன். மரியாதையை எந்த இடத்தில் பொருத்துவது என்று எனக்குப் பிடிபடவில்லை.)

மந்திரமூர்த்திக்கு உப்பளக் கங்காணி கொம்பையாவின் மகள் கனியைக் கட்ட ஆசை. கனிக்கும் சம்மதம். ஏன் என்று கேட்காதீர்கள். நான் வருடக்கணக்காகக் கேட்டுப் பார்த்துவிட்டேன், பதில் இல்லை.

கொம்பையாவிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. உப்புக் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நடுவே நின்று நின்று அது ஊறுகாய் ஆகியிருந்தது. மந்திரமூர்த்தியைக் கூப்பிட்டு அதைக் காட்டினார்.

“என் கல்யாணத்துல நான் இதுலதான் ஊர்வலம் வந்தேன். என் மவ நிச்சயதாம்பூலத்துக்கும் இதுலதான் வருவேன். வெள்ளிக்கிழமைக்குள்ள இத ஓட வச்சா நீ மாப்பிள. இல்லன்னா லாரி வச்சிருக்க என் தங்கச்சி மவன் மாப்பிள.”

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கோளாறு கார்புரேட்டரில் என்று கண்டுபிடித்தார்கள். அதை அவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதும் எனக்கு ஒரு சந்தேகம். வண்டியிலேயே அதிகமாகப் பச்சை பூத்திருந்தது அதுதான் என்றார் கோயில்பிச்சை.

அதன் அடிக்கிண்ணத்து ஸ்குரூக்களில் ஒன்று கூட அசையவில்லை. பட்டுராசா ஸ்குரூடிரைவரைப் போட்டுத் தொங்கிப் பார்த்தான். ஒரு ஸ்குரூவின் தலை மழுங்கியதுதான் மிச்சம். கோயில்பிச்சைக்கு ஒரு யோசனை வந்தது.

“ஸ்குரூதான திரும்ப மாட்டேங்கி? வண்டியத் திருப்புவோம்.”

“நல்லாச் சொன்னடே. ரெண்டும் ஒண்ணுதான.”

மந்திரமூர்த்தி ஸ்குரூடிரைவரை அழுத்திப் பிடித்துக்கொண்டான். மற்ற இருவரும் வண்டியைத் தூக்கிச் சுற்றினார்கள். வண்டி சுற்றியது. பிடித்த பிடியை விடாமல் அவனும் கூடவே சுற்றினான். ஸ்குரூவும் சுற்றியது. எல்லாம் ஒன்றாகச் சுற்றியதால் எதுவும் கழலவில்லை. மந்திரமூர்த்தி மட்டும் தலை கிறுகிறுத்து உட்கார்ந்தான். அந்தக் குலுக்கலில், கார்புரேட்டரை எஞ்சினோடு பிடித்திருந்த வளையம் துரு தின்று உதிர்ந்தது. கார்புரேட்டர் மொத்தமாகக் கழன்று பட்டுராசாவின் காலில் விழுந்தது.

“வந்துட்டுலா!” என்றான் பட்டுராசா, ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே.

அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார்கள். அங்கே மைதீன் பாய் என்று கெட்டிக்கார மெக்கானிக் ஒருவர் இருந்தார். ஏதோ ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்த அவர், வெளியே வராமலே, ஒரு தப்பும் இல்லாத யோசனை சொன்னார்.

“முரட்டுத்தனம் ஆகாது தம்பி. பச்சப்புள்ளயக் குளிப்பாட்டுத மாதிரிப் பாக்கணும். எண்ண விட்டு ஊற வையி. சூடு காட்டு. மெல்லத் தட்டு. அப்புறம், கழத்துனது ஒண்ணையும் தொலச்சிராத. எது எங்க இருந்து வந்துச்சோ அது அங்கயே போகணும். ஒண்ணு குறஞ்சாலும் வண்டி ஓடாது.”

ஊர் திரும்பியதும் மூவரும் கூடிப் பேசினார்கள்.

“எண்ணன்னு சொன்னாரே, எந்த எண்ண?” என்றான் பட்டுராசா.

“பச்சப்புள்ளைக்கு என்னத்தலே தேய்ப்பாவ? வெளக்கெண்ண,” என்றான் கோயில்பிச்சை.

“ஆணா பொண்ணான்னு தெரியணும்லா? ஆணுக்கு ஒரு நாளு, பொண்ணுக்கு ஒரு நாளு.”

கார்புரேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தெளிவாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை நெருங்குவதால் நாள் பார்க்க வேண்டாம் என்று மந்திரமூர்த்தி கண்ணீரோடு கேட்டுக்கொண்டான்.

பட்டுராசா கீழே உட்கார்ந்து காலை நீட்டினான். முழங்காலுக்குக் கீழே கார்புரேட்டரைக் குப்புறப் போட்டு, விளக்கெண்ணெய் தேய்த்து ஊற விட்டான். பிறகு கோயில்பிச்சை வெந்நீர் ஊற்ற ஊற, காற்று நுழையும் குழாயை மூக்கென்று பிடித்து நீவி விட்டான். துண்டால் துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, கண்படாமல் இருக்கக் கிண்ணத்தின் கன்னத்தில் மைப்பொட்டு வைத்தார்கள். கூரையில் கயிறு போட்டு வேட்டியில் தொட்டில் கட்டி, உள்ளே போட்டு, மெல்லத் தட்டினார்கள்.

“குளிப்பாட்டுனா அழணும். இது அழலயேடே,” என்றான் மந்திரமூர்த்தி கவலையோடு.

“உங்க மாமா வளத்த வண்டி. அடக்கமா இருக்கு.”

அப்போது கனி வந்தாள். தொட்டிலைப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“இது யாரு சாடை? அப்பா சாடையா, மெக்கானிக் சாடையா?”

“சத்தம் போடாத கனி. இப்பத்தான் கண்ணசந்துச்சி,” என்றான் மந்திரமூர்த்தி.

இந்த இடத்தில்தான் எனக்கு எப்போதும் எரிச்சல் வரும். முட்டாளுக்குத் தண்டனை கிடைக்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் எண்ணெய் ஊறியது, வெந்நீரும் புகையும் சூடேற்றின, தட்டியதில் துரு விட்டுக்கொடுத்தது. அவர்கள் மறுபடி ஸ்குரூடிரைவரை வைத்தபோது, தலை மழுங்கிய அந்த ஸ்குரூ உட்பட எல்லாம் வெண்ணெயில் இருந்து வருவதுபோல வந்தன. கார்புரேட்டருக்குள் சிக்கியிருந்த குட்டி பிஸ்டன் வழுக்கிக்கொண்டு வெளியே விழுந்தது. மைதீன் பாய் செய்திருந்தால் கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. இதை முதலில் கேட்ட அன்று இரவெல்லாம் உலகத்தின் நியாயத்தைப் பற்றி யோசித்தேன்.

நியாயம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

எதையும் தொலைக்கக் கூடாது என்பது பாயின் கட்டளை. எனவே கிண்ணத்தில் சுரண்டிய துருவை ஒரு தட்டில் வைத்தார்கள். பெட்ரோல் பாயும் ஜெட் துளையில் குத்தி எடுத்த பச்சைக் களிம்பை ஒரு தாளில் வைத்தார்கள். காற்றுக் குழாயில் குளவி கட்டியிருந்த மண்கூட்டை உடையாமல் எடுத்துச் சிரட்டையில் வைத்தார்கள். அந்தக் கூட்டுக்குப் பின்னால் ஓர் எட்டுக்காலி குடியிருந்தது. அது பட்டுராசாவின் கையில் ஏறி, தோளைத் தாண்டி, கூரைக்குள் போய்விட்டது.

கழற்றிய பாகங்களை எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார்கள். கார்புரேட்டர் பளபளத்தது. அந்த நிமிடத்தில் பூட்டியிருந்தால் வண்டி ஓடியிருக்கும். அந்த ஒரு நிமிடத்தை இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

துருவை அளவு குறையாமல் கிண்ணத்தில் கொட்டினார்கள். பச்சைக் களிம்பை ஊசியால் ஜெட் துளைக்குள் திணித்தார்கள். குளவிக் கூட்டைக் குழைத்த மண்ணால் பழைய இடத்திலேயே ஒட்டினார்கள். பிறகு கோயில்பிச்சை எண்ணிப் பார்த்தான்.

“எட்டுக்காலி குறையுது.”

மந்திரமூர்த்தியின் முகம் வெளுத்தது. கூரை ஓடுகளை எல்லாம் பிரித்துத் தேடினார்கள். கிடைக்கவில்லை. பட்டுராசா பக்கத்து வீட்டு அடுப்படியில் இருந்து ஒன்றைப் பிடித்து வந்தான்.

“இது வேற. அது சாம்பக் கலரு,” என்றான் மந்திரமூர்த்தி.

“எதுவானா என்னடே? இதுக்கும் எட்டுக் காலுதான.”

“டூப்ளிகேட்டப் போட்டு மாமாவ ஏத்தி விடச் சொல்லுதியா? நடு ரோட்டுல நின்னுட்டுன்னா? கம்பெனிக்காரன் வச்ச எட்டுக்காலிதான் வேணும்.”

கனி மறுபடி வந்தாள். “ஏ மனுசா, எங்கப்பா இத ஓட்டுன காலத்துல இதுக்குள்ள எட்டுக்காலியே கெடையாது,” என்றாள்.

மூவரும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். “அதான் நின்னு போச்சு,” என்றான் கோயில்பிச்சை.

வெள்ளிக்கிழமை வந்தது. எட்டுக்காலி இல்லாமலே, உதிர்ந்த வளையத்துக்குப் பதிலாகக் கம்பி சுற்றி, கார்புரேட்டரை வண்டியில் பூட்டியிருந்தார்கள். கொம்பையா பட்டு வேட்டியோடு வந்து வண்டியில் ஏறி உதைத்தார். இன்னும் உதைத்தார். கால் வலித்ததே தவிர, வண்டியில் இருந்து ஓர் இருமல் கூட வரவில்லை. லாரிக்காரன் ஓரமாக நின்று சிரித்தான்.

மந்திரமூர்த்தி கைகட்டி நின்றான். “மாமா, வேல பூரா முடிஞ்சிட்டு. ஒரு எட்டுக்காலிதான் குறையுது.”

கொம்பையா உதைப்பதை நிறுத்தினார். இங்கே ஒரு புத்திசாலி பேசப் போகிறார் என்று நான் ஒவ்வொரு தடவையும் எதிர்பார்ப்பேன்.

“எட்டுக்காலி இல்லாம வண்டி எப்படிவே ஓடும்?” என்றார் அவர். “நீ மறைக்காமச் சொன்ன பாரு, அது ஒண்ணு போதும். ஆனா நான் வண்டியிலதான் வருவேன்.”

உடனே மூவரும் பின்னால் நின்று தள்ளினார்கள். வண்டி நகர்ந்தது. கொம்பையா ஹாரனுக்குப் பதிலாக வாயாலேயே சத்தம் கொடுத்துக்கொண்டு நிச்சயதாம்பூலத்துக்குப் போய்ச் சேர்ந்தார். போன வழியெல்லாம் லாரிக்காரன் தன் லாரியில் பின்னாலேயே ஊர்ந்து வந்தான். அவனுக்கு முந்தத் தெரியவில்லை. கனியை மந்திரமூர்த்திக்கே கொடுத்தார்கள்.

இவ்வளவுதான் கதை. போன மாதம், இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று வெள்ளைத்திட்டுக்குப் போனேன். “இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா?” என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என் திட்டம்.

டீக்கடையை நெருங்கும்போது எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அதன் மேல் பல் போன ஒரு கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயாலேயே ஹாரன் அடித்தார். பின்னால் என் வயதுக்காரர்கள் மூன்று பேர் வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஓரத்தில் தள்ளிய கோயில்பிச்சை என்னைப் பார்த்ததும் வண்டியில் இருந்து கையை எடுத்தார்.

“வாங்க அண்ணாச்சி. சேதி தெரியுமா? எட்டுக்காலி ஆப்புட்டுட்டு.”

நான் வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக நின்றேன்.

“அந்தப் பழைய தொட்டில் கயித்துலதான் இருந்திருக்கு. மந்திரமூர்த்தி பேரனுக்குத் தொட்டில் கட்டும்போது கெடச்சிது. ஆனா இத்தன வருசத்துல வளந்துட்டு பாத்துக்கிடுங்க, உள்ள போவ மாட்டேங்கி. உப்புல போட்டுருக்கோம். கருவாடு மாதிரி வத்துனதும் மாட்டிரலாம்.”

சட்டைப்பையில் இருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினார். கல்லுப்புக்கு நடுவில் அது கிடந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, கால்களை எண்ணினேன். சரியாக இருந்தன. நிறத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.

“கோயில்பிச்சை, இது ஒரிஜினல்தானா?” என்று கேட்டேன்.