இலுப்பைக்குச் சொன்ன சொல்

அந்தக் காலத்தில் மரங்களும் பேசும், பறவைகளும் பேசும், மனிதர்கள் இரண்டையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவார்கள்.

மரம் பேசும் என்றால், உங்களையும் என்னையும் போலக் கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் சொல்லிவிடாது. விரல்முட்டியால் பட்டையில் மூன்று தட்டுத் தட்டி, வாயை ஒட்டவைத்துச் சொல்ல வேண்டும். சொன்ன சொல் பட்டையைத் தாண்டி, உள்ளே நடுமரத்தின் வைரம் வரைக்கும் இறங்கும். அங்கே ஊறிக் கிடந்துவிட்டு, வந்த வழியே மெல்லத் திரும்பும். விதைக்கும்போது சொன்னால் அறுப்பின்போது வெளியே வரும். அதுவும் மழை ஒழுங்காகப் பெய்திருந்தால். நிற்கிற இடத்தை விட்டு எங்கும் போகாத ஆளுக்கு என்ன அவசரம்?

ஊருக்கு மேற்கே செங்கோடன் உழுகிற காட்டில் ஓர் இலுப்பை நின்றது. நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். அவன் பாட்டனுக்குப் பாட்டன் அந்த மண்ணை உழ வந்த நாளிலேயே அது கிழமாகத்தான் இருந்ததாம். ஊர் முழுக்க அதனிடம்தான் வரும். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையும், ஊரில் இல்லாதவருக்குச் சேர வேண்டியதையும் அதற்குள் போட்டு வைப்பார்கள். யாருக்கென்று சொன்னார்களோ அவர் வந்து தட்டினால், சொன்னவர் குரலிலேயே மரம் சொல்லும். ஆள் மாற்றிச் சொன்னதாக ஒருநாளும் வம்பு வந்ததில்லை.

செங்கோடன் நல்ல உழைப்பாளி. தலையில் சிவப்பு உருமாலும், பாவாயி மஞ்சளில் தோய்த்துக் கொடுத்த துண்டு முதுகிலுமாக விடிந்ததிலிருந்து காட்டில் கிடப்பான். பேச்சு மட்டும் அவனிடம் பெயராது. பாவாயி அவன் பெண்டாட்டி. அவளுக்குச் சொல்ல எந்நேரமும் ஏதாவது இருக்கும். "ஏனுங்க..." என்று ஆரம்பிப்பாள். அதற்குள் அவன் மாட்டை ஓட்டிக்கொண்டு பத்தடி போயிருப்பான்.

"பொழுதோட சொல்லு புள்ள" என்பான் திரும்பாமலே.

பொழுது சாய்ந்து வந்தால் சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வான். மிச்சத்தை அவள் இலுப்பையிடம் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். இதில் இரண்டு பேருக்கும் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிற வரைக்கும் யாருக்கும் வருத்தம் இருப்பதில்லை.

ஒரு மாசி மாதம் செங்கோடன் ஏர்மாடு பிடித்துவரத் தூரத்துச் சந்தைக்குப் போனான். போக வரப் பதினைந்து நாள். ஜோடி மாட்டோடு திரும்பி வந்தபோது வீட்டில் அடுப்பு எரியவில்லை. பக்கத்துக் காட்டு வள்ளாத்தாள்தான் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"காய்ச்சல் தம்பி. நாலே நாள்தான். மூணாம் நாளு கையப் புடிச்சு, என்னைய எலுப்பைக்குக் கூட்டிட்டுப் போக்கான்னா. நிக்கக்கூட முடியல, மரத்துமேலயே சாஞ்சுக்கிட்டா. ரொம்ப நேரம் சொன்னா. உனக்குத்தான் தம்பி."

செங்கோடன் மாட்டைக் கட்டக்கூட நிற்கவில்லை. ஓடிப்போய்த் தட்டினான். காதை வைத்தான். பட்டைக்குள் எறும்பு ஊர்வது மட்டும்தான் கேட்டது.

நாற்பது நாள் தட்டிய பிறகு இலுப்பை வாய் திறந்தது. "வந்துக்கிட்டிருக்குது. ஆழத்துல போட்ட சொல்லு, மெதுவாத்தான் வரும்."

காத்திருந்தான். இலுப்பை பூத்தது, உதிர்ந்தது, காய்த்தது. அடுத்த வருஷம் மழை பொய்த்தது. மழை இல்லாமல் மரத்துக்குள் நீரே மேலேறாது, சொல் எப்படி ஏறும்? அதற்கும் அடுத்த வருஷமும் வானம் கைவிரித்தது. செங்கோடன் ஏரை மூலையில் போட்டுவிட்டு மரத்தடியிலேயே கிடந்தான்.

பசி அவனை ஒன்றும் செய்யவில்லை. வேறொன்றுதான் அவனைப் போட்டு ஆட்டியது. பாவாயியின் குரல் அவனுக்கு மறக்கத் தொடங்கியிருந்தது. முகம் இருந்தது, நடை இருந்தது, அவள் கையால் கரைத்த கம்மங்கூழின் புளிப்புக்கூட நாக்கில் இருந்தது. குரல் மட்டும் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போனது. "ஏனுங்க" என்று மனசுக்குள் சொல்லிப் பார்ப்பான். அது அவன் குரலிலேயே வரும். முழுக்க மறந்து போன பிறகு மரம் அவள் சொல்லைச் சொன்னால், அது அவளுடையதுதான் என்று எப்படிக் கண்டுகொள்வது?

உள்ளேதானே இருக்கிறது, போய் எடுத்துக்கொண்டால் என்ன என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது. மறுநாள் காலை கோடாலியைத் தீட்டிக்கொண்டு வந்தான்.

முதலில் கூச்சல் போட்டவை இலுப்பையில் குடியிருந்த வௌவால்கள். தலைகீழாகத் தொங்கினாலும் நேராகப் பேசுகிறவை அவை. "கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு?" என்றது ஒரு கிழ வௌவால்.

"என்ற காடு. என்ற மரம். உள்ள கெடக்கிறது என்ற பொண்டாட்டி சொல்லு. யாருக்கு என்ன வந்துச்சு?"

"காடு உன்றதுதான், யாரு இல்லைன்னா? உள்ள கெடக்கிற மத்த சொல்லெல்லாமும் உன்றதா?"

சத்தம் கேட்டு வள்ளாத்தாள் ஓடிவந்தாள். அவள் மகன் பொதிமாட்டுக்காரர்களோடு போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. "தம்பி, நான் இருந்தாலும் இல்லாட்டியும் அவன் வந்தாக் கேட்டுக்கட்டும்னு ஒரு சொல்லுப் போட்டு வெச்சிருக்கறேன். அதையும் சேத்தா வெட்டப் போற?"

செங்கோடன் கோடாலியைக் கீழே வைத்துவிட்டான். பெற்றவள் கேட்கும்போது வேறென்ன செய்வது? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பினாள். அவன் அங்கேயே உட்கார்ந்து, வழக்கம்போலப் பாவாயியின் குரலை நினைத்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. அவன் குரலில்கூட வரவில்லை.

எழுந்து முதல் வெட்டைப் போட்டான்.

மூன்று நாள் வெட்டினான். தடுக்க வந்தவர்களைக் கோடாலியை ஓங்கி விரட்டினான். மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில், கோடாலி வைரத்தைத் தொட்ட நேரத்தில், இலுப்பை மெல்லப் பேசியது.

"பொறு. பட்டைகிட்ட வந்திருச்சு. இன்னும் ஒரே மழைதான்."

முதல் வெட்டு விழுந்தபோது மரம் சொல்லத் தொடங்கிய பதில் அது. வெட்டு ஆழமாகி வழி குறுகியும், வெளியே வந்து சேர அதற்கு மூன்று நாள் ஆகிவிட்டது.

செங்கோடனின் கை அப்படியே நின்றது. கோடாலியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் மரத்தைத் தாங்கிப் பிடித்தான். நாலு பேர் கைக்கு அடங்காத மரத்தை ஒருத்தன் எப்படித் தாங்குவான்? அது சாய்ந்தது.

விழுந்த அடியில் அதற்குள் இருந்த சொல் அத்தனையும் ஒரே மூச்சில் வெளியேறியது. எத்தனையோ தலைமுறைச் சொல். மன்னிப்புக் கேட்கிறவர்கள், பிள்ளையைக் கூப்பிடுகிறவர்கள், ஆசையைச் சொல்கிறவர்கள், வையாமல் வைகிறவர்கள் என்று எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில் செங்கோடன் ஒரே ஒரு "ஏனுங்க"வைக் கேட்டான். சத்தியமாகக் கேட்டான். ஆனால் அந்த ஊரில் எல்லாப் பெண்டாட்டிகளும் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அது அவள்தானா என்று காதைத் திருப்புவதற்குள் எல்லாம் காற்றோடு போய்விட்டது.

ஒன்பதாம் நாள் மழை பெய்தது.

செங்கோடன் நனைந்துகொண்டே ஒவ்வொரு சிராயாக எடுத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வருஷம் வள்ளாத்தாள் கண்ணை மூடினாள். அதற்கும் அடுத்த வருஷம் அவள் மகன் வந்தான். நேராக மேற்குக் காட்டுக்குப் போய், வெட்டுண்ட அடிமரத்தில் மூன்று தட்டுத் தட்டி, மண்டியிட்டுக் காதை வைத்தான். வெகுநேரம் வைத்திருந்தான். தூரத்திலிருந்து அதைப் பார்த்த செங்கோடனுக்கு அவன் முகத்தில் விழிக்கத் துணிவில்லை. அன்றைக்கே செங்கோடன் ஊரை விட்டுப் போனான்.

காற்றில் போன சொற்கள் வேறு மரங்களில் ஒதுங்கியிருக்கும் என்று ஓர் ஆசை. கிழட்டு மரமாகப் பார்த்துத் தட்டினான், காதை வைத்தான், அடுத்ததுக்குப் போனான். தட்டித் தட்டி விரல் தேய்ந்தது; பிறகு மூக்கால் தட்டினான், மூக்கு நீண்டு கூராயிற்று. பட்டையில் ஊர்ந்த எறும்புதான் சாப்பாடு. உடம்பு ஒடுங்கி ஒரு கைப்பிடி ஆனது. மஞ்சள் துண்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது, சிவப்பு உருமால் தலையோடு ஒட்டிக்கொண்டது. கீழ்க்கிளை முடிந்து மேல்கிளையைத் தட்ட வேண்டியிருந்தபோது கைகள் சிறகாயின. அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

இலுப்பை விழுந்த சத்தத்தைக் கேட்ட மற்ற மரங்கள் வாயை இறுக மூடிக்கொண்டன. அன்று முதல்தான் மரங்கள் யாரிடமும் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அன்று முதல்தான், பொன்னிற முதுகும் சிவந்த கொண்டையுமாக மரங்கொத்தி மரம் மரமாகப் போய்த் தட்டுகிறது. தட்டிவிட்டு, உங்களுக்கும் எனக்கும் கேட்காத ஒன்றுக்காகத் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறது.