ராஜா தட்டிய கம்பு அடை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மாங்கோட்டை நாட்டைக் கோளரி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. காலையில் ஒரு யானையைப் பரிசாகக் கொடுப்பார், மத்தியானம் "என் யானை எங்கேடா?" என்று கேட்பார். அப்படி ஒரு ராஜா!

ஒரு தடவை பரிவாரத்தோடு காட்டுக்கு வேட்டைக்குப் போனார். ஆற்றங்கரையில் கூடாரம் போட்டாயிற்று. மத்தியானச் சாப்பாடு வந்தது. ஒரு வாய் வைத்தவர், தங்கத் தட்டைத் தூக்கி அப்படியே ஆற்றில் வீசிவிட்டார்!

"இதுவா சாப்பாடு? இதற்கு மண்ணைத் தின்னலாம்! கூப்பிடு அந்தச் சமையல்காரனை!"

சமையல்காரன் திருமேனி ஓடி வந்தான். ராஜாவுக்குப் பக்கத்தில் தொந்தியைத் தடவிக்கொண்டு நின்றார் உணவுக் காவல் அதிகாரி உலகுடையார். ராஜாவின் சாப்பாட்டில் விஷம் இருக்கிறதா என்று முதலில் தின்று பார்ப்பது அவர் வேலை. தின்று இரண்டு நாழிகை கழித்தும் அவருக்கு ஒன்றும் ஆகாவிட்டால்தான் தட்டு ராஜாவிடம் போகும். பாட்டன் காலத்து வழக்கம் அது.

உலகுடையாருக்கு அமைச்சர் குழைக்காதரைக் கண்டாலே வயிற்றெரிச்சல். திருமேனியை வேலைக்குச் சேர்த்தது அந்த அமைச்சர்தான். கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவாரா மனுஷன்?

"மகாராஜா, தினமும் தின்று பார்க்கிற நான் சொல்கிறேன். இவனுக்குச் சமைக்கவே தெரியாது. அமைச்சர் பிடித்துவந்த ஆள் வேறு எப்படி இருப்பான்? நாடு கடத்துங்கள்!"

"கடத்து! நாளைக் காலையில் இவன் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும்!" என்றார் ராஜா.

திருமேனிக்கு வீட்டில் பெண்டாட்டி, கைக்குழந்தை. அவர்களைக் கூட்டிக்கொண்டு எந்த ஊரில் போய் நிற்பான்?

அப்போதுதான் குழைக்காதர் தொண்டையைச் செருமினார். "மகாராஜா, சாயங்காலம் ஒரு போட்டி வைப்போம். கம்பு அடை, சுட்ட கத்திரிக்காய். ஒரு தட்டு என் ஏற்பாடு. இன்னொரு தட்டு வழக்கம்போல உலகுடையார் சோதித்துக் கொண்டுவரட்டும். அதை வாயில் வைக்க முடியவில்லை என்றால், சமைத்தவரை நாடு கடத்துங்கள். நான் குறுக்கே வரமாட்டேன்."

'ஐயையோ! காப்பாற்றுவார் என்று பார்த்தால் இவரே கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறாரே!' என்று திருமேனி பதறினான்.

"ஒரே ஒரு நிபந்தனை" என்றார் அமைச்சர். "என் தட்டுக்கு மகாராஜாவேதான் சமைக்க வேண்டும்."

"நானா? நெருப்பில்? பலே!" ராஜா துள்ளிக் குதித்து எழுந்தார். கிரீடம் ஒரு பக்கம், பட்டு அங்கவஸ்திரம் ஒரு பக்கம்.

"சோதிக்காமல் மகாராஜா எதையும் உண்ணக் கூடாது!" என்று கத்தினார் உலகுடையார்.

"நான் சமைத்ததில் நானே விஷம் வைப்பேனா? போமய்யா உம் கூடாரத்துக்கு!"

அடேயப்பா, அந்தச் சாயங்காலத்தைப் பார்க்க வேண்டுமே! ராஜா சுள்ளி ஒடித்தார். ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்தது. தணல் பிடித்ததும் கத்திரிக்காய்க்கு நல்லெண்ணெய் தடவிப் புதைத்தார். சின்ன வெங்காயத்தையும் பக்கத்தில் போட்டார். தட்டைக் கல்லைச் சூடாக்கி, கம்பு மாவைத் தட்டிப் போட்டார். அடை வட்டமாக வரவில்லை, அதுபாட்டுக்கு வந்தது. "புரட்டுங்கள் மகாராஜா, கருகுது!" என்று தன் கவலையை மறந்து திருமேனியே கூவிவிட்டான். கத்திரிக்காய்த் தோலை உரித்து, வெங்காயம், உப்பு, பொடித்த மிளகு, துளி புளி சேர்த்து ராஜா பிசைந்தார். வாசனை ஆற்றுக்கு அக்கரை வரை போனது.

எல்லார் கண்ணும் ராஜா மேல் இருந்தபோது அமைச்சர் அடையில் பாதியைப் பிய்த்து, கத்திரிக்காயில் பாதியை அள்ளி, இன்னொரு தங்கத் தட்டில் வைத்து மூடினார். திருமேனி மட்டும் பார்த்துவிட்டான். வாயைத் திறக்கப் போனவனை அமைச்சர் கண்ணாலேயே அடக்கினார். தட்டு உலகுடையாரின் கூடாரத்துக்குப் போனது.

ராஜா ஆவி பறக்கப் பறக்கத் தின்றார். விரல் சுட்டது, ஊதிக்கொண்டார், மறுபடி தின்றார். "ஆகா! அமைச்சரே, பிறந்ததிலிருந்து இப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டதில்லையே!"

இரண்டு நாழிகை கழித்து உலகுடையார் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார். தட்டில் கால்வாசிதான் மிச்சம். ராஜா ஒரு துண்டைக் கடித்தார், பல் வலித்தது. கத்திரிக்காயோ சில்லிட்டுக் கிடந்தது.

"தூ! இதைச் சமைத்தவனை இப்போதே நாடு கடத்து!"

"அப்படிச் சொல்லுங்கள்! சுத்த மடையன் மகாராஜா! அடை தட்டத் தெரியாத அரைவேக்காடு! நாக்கு செத்த ஜென்மம்!" என்று உலகுடையார் பொரிந்து தள்ளினார்.

திருமேனி அமைச்சரின் முகத்தைப் பார்த்தான்.

குழைக்காதர் கைகட்டி, பணிவாகக் கேட்டார்: "அப்படியே ஆகட்டும். மகாராஜா எந்த எல்லை வழியாகப் போக உத்தேசம்? வடக்கா, தெற்கா?"

"என்னய்யா உளறுகிறீர்?"

"இதுவும் தாங்கள் தட்டிய அடைதான் மகாராஜா. அதே அடுப்பு, அதே கத்திரிக்காய். இரண்டு நாழிகை காத்திருந்தது, அவ்வளவுதான். திருமேனியின் சாப்பாடும் தினமும் இப்படித்தான் தங்களிடம் வருகிறது."

ராஜா தட்டைப் பார்த்தார், நெருப்பைப் பார்த்தார். "அப்படியானால் இத்தனை வருஷமாக நான் சூடாக ஒரு வாய் சாப்பிட்டதே இல்லையா?"

"தாங்கள் சாப்பிட்டதில்லை. உலகுடையார் சாப்பிட்டிருக்கிறார்."

ராஜா மெல்லத் திரும்பினார். "ஏன்காணும், நான் நாக்கு செத்த ஜென்மமா?"

உலகுடையார் தொப்பென்று காலில் விழுந்தார். ராஜாவுக்கோ சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிய, தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். பிறகு திருமேனியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"நீ எங்கேயும் போகவேண்டாமப்பா. இனிமேல் அடுப்பங்கரையில்தான் நமக்குச் சாப்பாடு. முதல் வாய் நீ, அடுத்த வாய் நான். விஷமும் கிடையாது, காத்திருப்பும் கிடையாது. உலகுடையாருக்கு மட்டும் பழைய வழக்கப்படி இரண்டு நாழிகை கழித்துத்தான் சாப்பாடு!"

திருமேனி சந்தோஷத்தில் அழுதேவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு புது அடை ஒன்றைத் தட்டிப் போட்டான். அவன் ஒரு வாய் தின்றான், ராஜா ஒரு வாய் தின்றார். எதிரே உலகுடையார், மூடிய தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அது ஆறுகிற வரை உட்கார்ந்திருந்தார்.